தங்கச்சிமடம் மணலில் மின்சாரக் கார்: எர்த் படுத்திய பாடு

சின்ன மின்சாரக் கார்களின் விலை இறங்கியதிலிருந்து கீழக்கரை, தொண்டிப் பக்கத்து நண்பர்கள் மாறி மாறிக் கேட்கிறார்கள்: வண்டி எப்படி ஓடுகிறது, நம்பி வாங்கலாமா? 24 கிலோவாட் மணி பேட்டரி, கம்பெனி சொல்லும் ரேஞ்ச், எத்தனை ஏர்பேக் என்பதெல்லாம் கேட்பவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, மூன்று வருஷமாக இந்தக் கரையில் தினமும் ஓட்டியதில் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன். அதில் பெரும்பகுதி காரைப் பற்றியதே அல்ல. வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் நிற்கும் ஒரு பைப்பைப் பற்றியது.

வீடு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம், வேலை ராமநாதபுரம். போக வர நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். ஏசி போட்டு, நிதானமாக ஓட்டினால் ஒரு முழு சார்ஜில் 190, 200 கிலோமீட்டர் கிடைக்கிறது. உச்சிப்புளி, மண்டபம் என்று வழி முழுக்கத் தரை சமம். ஏற்றம் என்றால் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். ஏறும்போது செலவழித்ததில் கொஞ்சத்தை இறங்கும்போது பேட்டரி திரும்ப எடுத்துக்கொள்ளும். மலைப்பாதைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் அந்த வசதி நமக்கு அந்த ஒரு பாலத்தோடு சரி.

இங்கே ரேஞ்சைத் தீர்மானிப்பது காற்று. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது காலையில் மேற்கே போவது எதிர்காற்றில். மாலையில் அதே காற்று முதுகில் தள்ளும். காலையில் தின்றதை மாலையில் முழுசாகத் திருப்பித் தராது, ஏனென்றால் வண்டிமேல் மோதும் காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகிறது. அந்த மாதங்களில் 80-ல் போகிறவர் 60-க்கு இறங்கினால் போதும், மிச்சமாவதை மீட்டரிலேயே பார்க்கலாம்.

ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு, மருந்துக் கடைக்குப் போய் வரும் வரை அவரை ஏசி ஓடும் காரிலேயே உட்கார வைக்க முடிகிறது. எஞ்சின் இரைச்சல் இல்லை, புகை இல்லை. அவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிடுவார். இந்த ஒன்றுக்காகவே எங்கள் வீட்டில் இந்தக் காரை யாரும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார்கள்.

சரி, இனி எர்த்: கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. முதலில் சொன்ன பைப் அதற்குத்தான்.

வண்டி வந்தது கார்த்திகை மாதம், நல்ல மழை. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் காலைக்குள் பேட்டரி நிறைந்துவிடும். நான்கு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. பங்குனி பிறந்ததும் ஒரு ராத்திரி சார்ஜர் பெட்டியில் சிவப்பு லைட். கழற்றி மாட்டினால் இரண்டு நிமிஷம் பச்சை, பிறகு மறுபடி சிவப்பு. காலையில் பாதி பேட்டரியோடு வேலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

சர்வீஸில் சொன்னபோது, சார்ஜர் பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன விலை என் மாதச் சம்பளத்தில் பாதி. சந்தேகமாக இருந்தது, காரைப் பார்க்காமல் பெட்டியை மாற்ற மாட்டேன் என்றேன். டிரக்கில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதே பெட்டியில் அதே கார் விடிய விடிய சார்ஜ் ஆகியிருக்கிறது. ‘குறை ஒன்றுமில்லை’ என்று தாளில் எழுதி, டிரக் வாடகைக்குத் தனி பில்லும் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்றே மறுபடி சிவப்பு. மதுரையில் ஆனது இங்கே ஏன் ஆகவில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடைசியில் விஷயத்தைப் பிடித்தது எங்கள் தெரு வயர்மேன். பிளக்கில் மீட்டரை வைத்து, நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்த்தார். “ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது தம்பி, இது இருபதைத் தாண்டுதே” என்றார். மின்சாரக் காரின் சார்ஜர், மின்சாரத்தை உள்ளே விடும் முன் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். இல்லையென்றால் மறுத்துவிடும். ஃபிரிட்ஜும் மோட்டாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால்தான் எர்த்தே இல்லாத வீட்டிலும் அவை வருஷக்கணக்கில் ஓடுகின்றன, நமக்கும் தெரிவதில்லை. அந்த வகையில் சார்ஜர் செய்தது சரி.

எர்த் குழியைத் தோண்டினோம். மேலே மூன்றடி வரை கையில் நிற்காமல் வழியும் காய்ந்த மணல். அதற்குக் கீழே ஈரம், இன்னும் கீழே உப்புத் தண்ணீர். பைப்பின் தலையில் இருந்த கிளாம்ப் போல்ட்டைத் தொட்டதும் ஏடு ஏடாக உதிர்ந்தது. செம்புக் கம்பி பச்சை பூத்து, நுனியில் தலைமுடி அளவுக்கு மெலிந்திருந்தது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இழுத்தால் பாதிதான் கையில் வந்தது. மீதி மண்ணோடு மண்ணாகிவிட்டது.

இந்தக் கரையின் சிக்கலே இதுதான். காய்ந்த மணலில் மின்சாரம் இறங்காது. உப்பு ஈரத்தில் நன்றாக இறங்கும், ஆனால் அதே உப்பு ஈரம் இரும்பைத் தின்றுவிடும். மேலோட்டமாகப் புதைத்தால் கோடையில் வேலை செய்யாது, ஆழமாகப் புதைத்தால் சில வருஷத்தில் பைப்பே இருக்காது. மழைக்காலத்தில் மணல் முழுக்க நனைந்திருக்கும்போது அரித்துப்போன பைப்பும் எப்படியோ ஒப்பேற்றிவிடும். நான்கு மாதம் நன்றாக இருந்து பங்குனியில் சிவப்பு வந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

இரும்பு இந்த ஊரில் படும் பாடு புதிதல்ல. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் காலமெல்லாம் துருவோடு போராடித்தான் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் உப்புக் காற்றைத் தாங்கும் தனிப் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்குப் பக்கத்து ஊரில், வண்டி தருவதற்கு முன் வீட்டைச் சோதிக்க வந்தவர் பிளக் பாயின்ட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் புது ஜி.ஐ. பைப் இறக்கி, வழக்கப்படி உப்பும் கரியும் போட்டு மூடினோம். ஒன்றரை வருஷம் தாங்கியது. ஏற்கெனவே உப்பு ஊறிய மண்ணில் மேலும் உப்பைக் கொட்டினால் பைப் வேறென்ன ஆகும்? அடுத்த முறை செம்பு பூசிய ராடு, எட்டடிக்கு மேல் ஆழம், சுற்றிலும் பென்டோனைட் களிமண். அந்தக் களிமண் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மணலைப் போல உடனே காயாது. இடத்தையும் மாற்றினோம். எங்கள் ஊரில் மல்லிகை நாற்று போடாத வீடு குறைவு. எங்கள் பாத்திக்கும் தினம் தண்ணீர் விடுவோம், அதன் ஓரத்திலேயே குழி எடுத்தோம். நாற்றுக்கு விடும் தண்ணீரே எர்த்துக்கும் ஆயிற்று. கிளாம்ப் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு சின்னத் தொட்டி கட்டி, கிரீஸ் தடவி மூடியிருக்கிறோம். இப்போது மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே.

இடையில் ஒருவர் சுலப வழி சொன்னார்: பிளக்குக்குள்ளேயே எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு வயரால் சேர்த்துவிட்டால் சிவப்பு லைட் அணைந்துவிடுமாம். ஆமாம், அணையும். இந்தப் பக்கத்தில் சில வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பகீரென்றது. தெருக் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், 230 வோல்ட் அப்படியே காரின் உடம்புக்கு வந்துவிடும். டயர் ரப்பர் என்பதால் அது மண்ணுக்கும் இறங்காது. ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடும் பிள்ளையின் உடம்பு வழியாகத்தான் இறங்கும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், யாராவது செய்திருந்தால் இன்றைக்கே பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒழுங்கான எர்த்தோடு மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் அந்த லைனுக்குத் தனியாக வேண்டும்.

மற்ற உப்புக் கணக்கு சின்னது. வைப்பர் கையிலும் நம்பர் பிளேட் ஸ்குரூவிலும் துரு. பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் முனையில் அவ்வப்போது பச்சை படியும், துடைத்து வாசலின் தடவினால் போதும். அரிச்சல்முனை வரை போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பெரிய பேட்டரி சீல் செய்தது, அது தேய்ந்ததாகத் தெரியவில்லை.

கரன்ட் பில்லில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் காருக்கு மட்டும் 500 யூனிட் தாண்டுகிறது. வீட்டுச் செலவு அதன் மேல். 500-க்கு மேல் யூனிட் விலை ஏறும் என்பதால், ‘இலவச யூனிட்டிலேயே ஓட்டிடலாம்’ என்று ஷோரூமில் சொன்னால் நம்பாதீர்கள். அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றே கால் ரூபாய்க்குள் அடங்குகிறது. முந்தைய பெட்ரோல் வண்டிக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் ஆனது.

இவ்வளவு நல்ல வண்டியை வாங்கச் சொல்ல வேண்டியதுதானே? போன மாதம் கிளாம்ப் தளர்ந்து மறுபடி ஒரு ராத்திரி சிவப்பு வந்தது. என்ன கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் சர்வீஸில் கேட்டேன். எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், டிரக் அனுப்புகிறோம், மதுரைக்குக் கொண்டுவாருங்கள் என்று மூன்று வருஷத்துக்கு முந்தைய பதிலையே சொன்னார்கள். ஸ்பேனரை எடுத்து நானே முறுக்கினேன், ஐந்து நிமிஷ வேலை. அதனால் இன்றைக்குக் கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். விற்பவர்கள் இந்தக் கரையின் மண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டு வரும் வரை வேண்டாம். இதை என் வீட்டிலேயே ஒருவரும் ஏற்கவில்லை, தம்பி அடுத்த மாதம் இதே வண்டியை எடுக்கிறான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முன்பணம் கட்டும் முன், உங்கள் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பாருங்கள். அதையும் மழை விட்ட மறுநாள் அளக்காமல், மணல் காய்ந்து கிடக்கும் வைகாசியில், வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள்.