அடினோசின் ஊசி: அவசரப் பிரிவில் பெற்ற சிகிச்சை

நிமிடத்திற்கு 190 துடிப்புகளாக ஓடிய என் இதயத்தை, எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 6 மில்லிகிராம் அடினோசின் ஊசி சில நொடிகளில் நிதானத்திற்குக் கொண்டுவந்தது. முழங்கை மடிப்பிலுள்ள இரத்தக்குழாயில் மருந்தைச் சட்டென்று செலுத்தி, அடுத்த கணமே உப்புநீரையும் வேகமாக ஏற்றினார்கள். இரத்தத்தில் அடினோசினின் அரை ஆயுள் (பாதியளவு மறைய ஆகும் நேரம்) 10 நொடிக்கும் குறைவு என்பதால், தாமதித்தால் இதயத்தைச் சேருமுன்பே சிதைந்துவிடும். திரையில் கோடு ஓரிரு நொடி நேராகப் படுத்து, பிறகு சீராக எழுந்தது.

அடினோசின் நம் செல்களே உண்டாக்கும், பியூரின் என்ற வேதிவகையைச் சேர்ந்த மூலக்கூறு. செல்லுக்கு வெளியே அது செய்தியாக இயங்கி, இதயச் செல்களில் அச்செய்தியை வாங்கும் புரதமான ஏ1 ஏற்பியைப் பற்றிக்கொண்டு, மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டலைக் கணநேரம் தடுக்கிறது. ட்ரூரி, சென்ட்-ஜார்ஜி என்ற ஆய்வாளர்கள் 1929இலேயே இவ்விளைவை விவரித்தார்கள். காப்பியிலுள்ள காஃபீன் அதே ஏற்பிகளை அடைத்துக்கொண்டு மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், 'இன்று காப்பி குடித்தீர்களா?' என்று செவிலியர் முதலிலேயே கேட்டது எனக்கு மிகுந்த நம்பிக்கை அளித்தது.

குறை ஒன்றுண்டு: மார்பு இறுகி, உயிரே போவதுபோன்ற அச்சம் சில நொடிகள் வரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இம்மருந்து மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். அவர்கள் ஊசி போடுமுன்பே மருத்துவரிடம் அதைத் தெரிவித்துவிட வேண்டும்.