கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு நாள் சுகாதாரப் படப் பயிற்சி: போகலாமா?

டெங்கு பற்றி மூன்று நிமிடப் படம் எடுக்க மாணவர்களுக்குத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். போனும் கொலர் மைக்கும் இருந்தால் போதும். 1948இல் அக்ராவில் கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா), நைஜீரிய மாணவர்களுக்குப் படப் பயிற்சி தொடங்கியபோது இருந்த நியாயம்தான் இங்கேயும்: ஊர்ப்பேச்சும் பழக்கமும் ஊர்ப்பிள்ளைக்குத்தான் தெரியும். ஃபிரிட்ஜின் பின்தட்டில் தண்ணீர் தேங்குவது வெளியாருக்கு எங்கே தெரியப்போகிறது?

ஒலிப்பாடம் மிகத் திறம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தி, ஃபேனை நிறுத்தி, பேச்சு முடிந்ததும் அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிய வைக்கிறார்கள். வெளியே காலி வீதியில் (Galle Road) அடிக்கும் ஹோர்ன் சத்தத்தை வெட்டிய இடத்தை அந்த வெறும் சத்தத்தைக் கொண்டுதான் நிரப்பலாம். ரியூப் லைட்டின் கீழ் படம் துடித்தால் ஷட்டரை 1/50 விநாடியில் வைக்க வேண்டும், ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்.

தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பியைப் படம் எடுப்பதுதான் சிரமம். கறுப்பு வாளிக்குள் போனை நீட்டினால் ஒன்றும் தெரியாது. வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு கரண்டி தண்ணீர், பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம், ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும். கிண்ணத்துக்குள் ஒரு அரிசியும் போடுங்கள். அளவு தெரியாமல் திரை நிறைய நெளிவதைக் கண்டவர், ஏதோ பெரிய புழு என்று நினைத்துத் தன் வாளியில் தேடமாட்டார்.

பாதி வெட்டிய படத்தை அயலவர் ஐந்தாறு பேருக்குக் காட்டி, "நாளைக்குக் காலையில என்ன செய்வீங்க?" என்று கேட்க வைக்கிறார்கள். "நல்லா இருக்கு" என்பதைப் பதிலாக ஏற்பதில்லை. இந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே போகலாம்.

பெரிய குறை, மருத்துவர் இரண்டாம் நாள் மாலைதான் வருகிறார். "தண்ணீரைக் கொட்டுங்கள்" என்று மட்டும் முடித்த படம் பிழை என்று அப்போதுதான் தெரிகிறது. நுளம்பு முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதைக் காட்டியே ஆகவேண்டும். "குளிசை போடுங்கள்" என்பதும் ஆபத்து: பரசிட்டமோல் மட்டும்தான், அஸ்பிரினும் இபுபுரோஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கூடுதல் கவனம் தேவை என்பதும் பலரின் உரையில் இல்லை. திரும்ப எடுக்க நேரமுமில்லை.

ஆகவே உரையை 250 சொல்லுக்குள் எழுதி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிவிட்டுப் போங்கள். சப்டைட்டிலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்காமல் யூனிகோடில் அடியுங்கள்; கொம்பு இடம் மாறியிருக்கிறதா என்று கடைசியாகப் போனிலும் ஒருதரம் பாருங்கள்.