கீழ்த்தள ஹோம் தியேட்டருக்கு நாலு சுவர் சவுண்ட் புரூஃப் பேக்கேஜ்: காசுக்குத் தகுமா?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் சரிவில் கட்டிய வீடுகள் நிறைய. ரோட்டு மட்டத்தில் வாசல், அதற்குக் கீழே மண்ணை ஒட்டி ஒரு தளம். அந்தத் தளத்தை ஹோம் தியேட்டராக மாற்றக் கேட்டால் இன்டீரியர்காரர்கள் வழக்கமாகத் தருவது நாலு சுவர் பேக்கேஜ்: ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்), உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கல் இழைப் பஞ்சு), மேலே ஒற்றை ஜிப்சம் போர்டு, துணி சுற்றிய பேனல். கணக்கு சதுர அடிக்கு. அறை பார்க்க அழகாகிவிடும். மேல்மாடியில் தூங்குகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி கிடைக்காது.

மண்ணை முட்டி நிற்கிற சுவருக்கு அப்பால் கேட்க ஆளே இல்லை. சத்தம் ஏறுவது மாடிப்படி வழியாக. அந்த வாசலில்தான் இந்தப் பேக்கேஜ் கைவிடுகிறது: உள்ளே பொள்ளலான ஃப்ளஷ் கதவு, அடியில் விரல் நுழையும் சந்து. ஒரு சுவர் 50 டெசிபல் தடுக்கிறது என்று வையுங்கள். அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே முதல் செலவு கதவுக்கு. உள்ளே பொள்ளல் இல்லாத சாலிட் கோர் கதவு, குறைந்தது 35 மி.மீ. தடிமன்; மூன்று பக்கமும் ரப்பர் கேஸ்கெட்; அடியில், கதவை மூடியதும் தானே இறங்கித் தரையை அழுத்துகிற டிராப் சீல். டைல்ஸ் இணைப்புக் கோடு கதவுக்கு அடியில் ஓடினால் சீல் சரியாக உட்காராது. அந்த இடத்தில் வழவழப்பான கிரானைட் துண்டு ஒன்று பதிக்கச் சொல்லுங்கள். கதவு கனமாக இருக்கும், பேரிங் வைத்த கீல் போடவில்லையென்றால் சில மாதங்களில் தொங்கி, கேஸ்கெட் ஒரு மூலையில் விலகிவிடும். வேலை முடிந்ததும் அறை விளக்கை அணைத்து, படியில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சத்தமும் கசியும்.

படியின் மேல்முனையில் இன்னொரு கதவுக்கு இடம் இருந்தால் அதைவிட நல்ல முதலீடு கிடையாது. இரண்டு கதவுக்கும் நடுவே, படிச் சுவரில் 50 மி.மீ. ராக்வூல் பேனல் வையுங்கள். வெறும் சிமென்ட் பூச்சாக விட்டால் அங்கேயே சத்தம் முட்டி மோதிப் பெருகும்.

அடுத்தது படியை ஒட்டிய சுவர். 12 அடி நீளம், 9 அடி உயரம் என்றால் 108 சதுர அடி. பழைய சுவரைத் தொடாமல் ஒரு அங்குலம் தள்ளி ஃப்ரேம் நிற்கட்டும். 1000-க்கு 600 மி.மீ. ராக்வூல் பலகை 17; 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, 6-க்கு 4 அடி அளவில் மொத்தம் 9, சேதாரத்துக்கு இன்னும் ஒன்று. அடுக்குகளுக்கு நடுவே அதிர்வை அடக்கும் க்ரீன் க்ளூ கலவை பூசுவதானால் 7 டியூப். அது ஒட்டும் பசை அல்ல, ஸ்க்ரூ கட்டாயம் வேண்டும். இரண்டாம் அடுக்கின் இணைப்பு முதல் அடுக்கின் இணைப்பு மேல் விழக்கூடாது. ஓரங்களில் 5 மி.மீ. விட்டு, இறுகிப்போகாத அக்கூஸ்டிக் சீலன்ட் அடைக்க வேண்டும். பலரும் அங்கே புட்டி பூசி முடித்துவிடுகிறார்கள். புட்டி விரிசல் விட்டதும் பழைய நிலைதான். சுவரில் ஏற்கெனவே பிளைவுட் பேனல் இருந்தால் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய சுவர், பிளைவுட், புது போர்டு என மூன்று அடுக்கு சிறிய காற்றிடைவெளிகளோடு சேர்ந்தால் தாழ்ந்த சத்தம் முன்னைவிட மோசமாகக் கடக்கும்.

கூடுதல் காசுக்கு, சத்தம் தடுக்கும் என்று கனமான வினைல் ஷீட் திணிக்கப் பார்ப்பார்கள். 3 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவு. இன்னொரு ஜிப்சம் போர்டு அதைவிட அதிக எடை தரும், விலையும் குறைவு. கூர்முனை ஃபோம் எதிரொலியை மட்டும் குறைக்கும், சத்தம் வெளியே போவதைத் தடுக்காது.

தாழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கராகிய சப்வூஃபரின் அதிர்வு வேறு கதை. படியின் கான்கிரீட் ஸ்லாப் வீட்டின் எலும்புக்கூட்டோடு சேர்ந்தது. படிக்கு அடியில் சப்வூஃபரை வைத்தால் அதிர்வு படி வழியாகவே மேலே ஏறும். எதிர் மூலைக்கு மாற்றி, அடியில் தடித்த ரப்பர் பேட் கொடுங்கள். பேச்சுச் சத்தம் நன்றாக அடங்கும். ஆழமான பாஸ் மட்டும் கொஞ்சம் கேட்கும். முழுக்க நிறுத்தித் தருகிறேன் என்கிறவரிடம் எழுதி வாங்குங்கள்.

நமக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மண் பக்கச் சுவரில் ஓதம் ஏறியிருந்தால் வாட்டர் புரூஃபிங் முடிக்காமல் அதன்மேல் போர்டு அடிப்பது வீண். உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் வந்தபிறகுதான் தெரியும். அந்தப் பக்கம் அடிக்கும் போர்டு ஈரம் தாங்கும் பச்சை ரகமாக இருக்கட்டும், தரையிலிருந்து 10 மி.மீ. தூக்கி நிற்கட்டும்.

இவ்வளவு இறுக்கி அடைத்த அறைக்கு ஸ்ப்ளிட் ஏசி புதுக் காற்று தராது. 6 அங்குல இன்சுலேட்டட் டக்ட் (காற்றுக் குழாய்) ஒன்றை இரண்டு வளைவோடு சரிவின் பின்பக்கம் கொண்டுபோய், சின்ன ஃபேன் வையுங்கள். ஏசி குழாய்த் துளையையும் சீலன்ட் போட்டு அடைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.