ராக்கெட் கோல்டு ஸ்டார்: பழசாகவே விடுவதா, புதுசாக்குவதா?

பிஎஸ்ஏ ராக்கெட் கோல்டு ஸ்டார் 1962, 1963 என்று இரண்டே வருஷம் வந்த பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள். பிஎஸ்ஏவின் ஏ10 மாடலின் 646 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜினை, அதே கம்பெனியின் ஒற்றை சிலிண்டர் வண்டியான கோல்டு ஸ்டார் பாணி ஃபிரேமில் உட்கார வைத்து, பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத் ஆலையிலிருந்து அனுப்பினார்கள், மொத்தமே 1,600-க்குள்தான். ஆனால் சாதாரண ஏ10-ஐயும் கோல்டு ஸ்டார் சாமான்களையும் சேர்த்துக் கட்டி இந்தப் பெயரில் விற்ற வண்டிகள் நிறையச் சுற்றுகின்றன. அதனால் ஸ்பேனரைத் தொடுமுன் நம்பரைப் பாருங்கள். ஃபிரேம் ஜிஏ10 என்றும் இன்ஜின் டிஏ10ஆர் என்றும் தொடங்க வேண்டும். இரண்டும் ஜோடியாகத்தான் ஆலையை விட்டுப் போயினவா என்று பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் வைத்திருக்கும் பழைய பதிவேடுகளில் கேட்டுப் பார்க்கலாம். இனி நான் சொல்வதெல்லாம் அசல் வண்டிக்கு. சேர்த்துக் கட்டியது என்றால் உங்கள் இஷ்டம், யாரும் கேட்கப் போவதில்லை.

முதல் சண்டை பெயின்ட்டில். வெள்ளி நிற டேங்க், பக்கத்தில் குரோம், கறுப்பு ஃபிரேம்: மங்கிப் போயிருந்தாலும் அது ஆலையில் அடித்ததுதான் என்றால் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, அப்படியே விடுங்கள் என்பது என் கட்சி. அசலா என்று எப்படித் தெரியும்? டேங்கைக் கழற்றி, ரப்பர் அழுத்தியிருந்த இடத்தையும் பேட்ஜுக்கு அடியையும் பாருங்கள், வெயில் படாத இடம் அது. அங்கே அடியில் இன்னொரு கோட்டிங் எட்டிப் பார்த்தால் யாரோ ஏற்கெனவே அடித்துவிட்டார்கள், அப்புறம் காப்பாற்ற ஒன்றுமில்லை, தாராளமாகப் புதுசாக அடிக்கலாம். அப்போதும் ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் வேண்டாம். அது தடிமனாக உட்கார்ந்து, பொறித்த நம்பரின் விளிம்பையே மழுக்கிவிடும். சூளையில் சுட்ட எனாமல் மெல்லிசு, எழுத்து எழுத்தாகவே இருக்கும். குரோம் திரும்பப் போடுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, பாலிஷ் சக்கரம் பிடிக்கிறவர் கை கொஞ்சம் கனத்தால் விளிம்புகள் உருண்டுபோகும், அரித்துப் போன இடம் ஓட்டையாகும்.

இன்ஜினில் 'அப்படியே விடுவது' என்ற பேச்சே இல்லை. கிக்கரை மிதித்தால் லேசாகச் சுற்றுகிறதே என்பார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கிராங்க்குக்குள், அதாவது பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டுக்குள், ஒரு குழாய் இருக்கிறது, ஆயிலில் வரும் கசடு சுழற்சி வேகத்தில் ஒதுங்கித் தங்குவதற்காகவே வைத்தது. பல வருஷம் யாரும் திறக்காத குழாயில் அது காய்ந்த களிமண் மாதிரி இறுகிக் கிடக்கும், அடைப்பை எடுக்கவே சில சமயம் டிரில் போட வேண்டியிருக்கும். இதைத் திறக்காமல் இன்றைய டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றினால், இத்தனை நாள் சும்மா கிடந்த கசடு கரைந்து கிளம்பி நேராகப் பிக் எண்டுக்கு, அதாவது பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் பேரிங்குக்குப் போகும்.

அடுத்தது டைமிங் பக்க புஷ், கிராங்க்கின் ஒரு முனையைத் தாங்கும் உலோக வளையம். ஏ10-இல் ஆயில் இந்த புஷ் வழியாகத்தான் கிராங்க்குக்குள் போகிறது. புஷ் தேய்ந்தால் ஆயில் வழியிலேயே கசிந்துவிடும், பிக் எண்டு காயும், கடைசியில் கனெக்டிங் ராடு கிராங்க்கேஸை, அதாவது கிராங்க் இருக்கும் கூட்டை, உடைத்துக்கொண்டு வெளியே வரும். புது புஷ் போட்டு அளவு பார்த்து ரீம் செய்வது ஒரு வழி. அசல் முறை, செலவும் குறைவு. இன்னொன்று, புஷ்ஷை எடுத்துவிட்டு நீடில் ரோலர் பேரிங் வைத்து, ஆயிலை கிராங்க்கின் முனையிலிருந்து கொடுப்பது. இதற்கு கிராங்க்கேஸையும் கிராங்க்கையும் கடைய வேண்டும், செய்த பிறகு திரும்ப முடியாது. வெளியே தெரியாத மாற்றம்தான், ஆனாலும் அசல் பிரியர்களுக்கு ஆகாது. கண்காட்சியில் நிற்கவும் மாசம் ஒருநாள் ஓடவும் என்றால் புஷ் போதும். நெடுந்தூரம் ஓட்டுவேன் என்றால் பேரிங்தான். ராடு வெளியே வந்தால் உடைவது அந்த நம்பர் பொறித்த கிராங்க்கேஸ் அல்லவா? புஷ்ஷின் அசலைக் காப்பாற்றப் போய் அதை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இக்னிஷனில் எனக்குக் குழப்பமே இல்லை. பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் லூகாஸ் கே2எஃப் மேக்னெட்டோ சூடானதும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கண்டென்சர்தான் காரணம். உள்ளே இருக்கும் காயிலை ரீவைண்ட் செய்து, கூடவே நல்ல கண்டென்சரும் போட்டால் பேட்டரியே இல்லாமல் ஓடும். பேட்டரியை நம்பி ஓடும் எலெக்ட்ரானிக் கிட் வைத்தால் 60 வாட் டைனமோவின் தலையில் இன்னொரு சுமை. ஆனால் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் விஷயத்தில் எலெக்ட்ரானிக்குக்கு என் ஓட்டு, பழைய டப்பாவுக்குள்ளேயே மறைத்து 12 வோல்ட்டாக்கிவிடலாம்.

டேங்குக்குள் பூச்சு? துரு இல்லையென்றால் பூசாதீர்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து பங்க்கில் வரும் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது எத்தனால் 10% வரை, பழைய பூச்சுகள் சில அதில் கரைந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். ஏற்கெனவே யாரோ பூசி வைத்திருந்தால் அதைச் சுரண்டி எடுக்கும்வரை எத்தனால் 5% வரை மட்டுமே உள்ள இ5 மட்டும் போடுங்கள்.