பினாங்கில் ‘ஒரிஜினல் பிரிண்ட்’ வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

போன மாதம் ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீடு ஒன்றில் இருக்கும் படக்கடையில் 850 வெள்ளி (ரிங்கிட்) ஏமாந்தேன். அக்காவின் புதுமனை புகுவிழாவுக்கு வாங்கிய படம். கடல்மேல் தூண்களில் நிற்கும் சியூ ஜெட்டி குடியிருப்பு, கறுப்பும் சிவப்புமாக. “வுட்கட் சார். ஓவியரே மரத்தில் செதுக்கி, கையாலேயே ஒற்றி எடுத்தது. மொத்தமே 100 தான்” என்றார் கடைக்காரர். ஓரத்தில் பென்சிலில் 18/100, அதாவது நூறில் பதினெட்டாவது பிரதி; பக்கத்தில் கையெழுத்து. அந்த எண்ணை நம்பித்தான் காசைக் கொடுத்தேன்.

யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்த அக்கா மகன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இங்க வந்து பாருங்க” என்றான். கறுப்புக் கோட்டுக்குள்ளே நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பொடிப்பொடிப் புள்ளிகள்.

மரச்செதுக்கில் அப்படி வராது. வேண்டாத மரத்தைச் செதுக்கி எடுத்தபின் மேடாக நிற்கும் இடத்தில்தான் மை ஏறும். தாளில் ஒரே நிறமாக, அடர்த்தியாகப் பதியும். தாளைத் திருப்பினால் பல சமயம் தேய்த்த தடம் தெரியும். ஒரே பலகையை நிறத்துக்கு நிறம் மேலும் செதுக்கி அச்சிடும் முறையும் உண்டு. கடைசி நிறத்துக்கு வரும்போது முதல் நிறத்தை அச்சிட்ட பரப்பு போயிருக்கும், அந்தப் படத்தை இன்னொரு முறை எடுக்கவே முடியாது. இப்படிப்பட்ட படத்தில் எண்ணுக்குத் தனி மதிப்பு. என்னிடம் இருந்ததோ ஓவியத்தை ஸ்கேன் செய்து இயந்திரத்தில் புள்ளி புள்ளியாக எடுத்த நகல். நகலின் ஓரத்திலும் பென்சிலால் எண் எழுதலாமே!

ஆனால் புள்ளி இருந்தாலே போலி என்று முடிவுகட்டாதீர்கள். திரைத்துணி வழியே மையைத் தள்ளி எடுக்கும் ஸ்கிரீன் பிரிண்டில் ஓவியரே புள்ளி வைப்பதுண்டு. செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் எட்சிங் என்றால், தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளத்தைத் தேடுங்கள்.

நகல் என்று சொல்லி 60 வெள்ளிக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். மலேசிய மரச்செதுக்கு ஓவியர் ஜுஹாரி சைட் போன்றவர்கள் பலகையோடு மல்லுக்கட்டி வளர்த்த கலையின் பெயரை அதற்குச் சூட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, “ஒரிஜினல் ஓவியத்திலிருந்து எடுத்தது, அதனால் ஒரிஜினல் பிரிண்ட்” என்றார். ரசீதில் ‘ஃபிரேம் போட்ட படம்’ என்று மட்டும் இருந்தது. நீங்கள் வாங்கும்போது எந்த முறை, செதுக்கியது யார், அச்சிட்டது யார், எத்தனை பிரதி என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

நல்லவேளையாக, ‘கையால் செதுக்கிய வுட்கட்’ என்று அவர் முன்பே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. அதை வைத்து, 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.