மூன்று பேட்டர்னில் ஒரு கவுன்: இரண்டு ஆண்டு உடுத்திய பிறகு

பருத்தி பாப்ளினில் தைத்த, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறங்கும் கவுன். மேல்பாகம் பூர்டா என்ற தையல் இதழில் வந்த பேட்டர்ன், அதாவது துணி வெட்ட உதவும் அளவுத்தாள். அரைக்கை ஒரு ஜப்பானியத் தையல் புத்தகத்திலிருந்து. டாட் (இடுப்பில் துணியை மடித்துப் பிடிக்கும் கூர்த் தையல்) பிடித்த, கீழே விரியும் ஏ-லைன் ஸ்கர்ட், உறையில் வரும் அமெரிக்கப் பேட்டர்ன். வாரம் ஒரு முறை உடுத்தி, துவைத்து, இரண்டு ஆண்டு ஆகிறது. துணி இன்னும் நன்றாகவே இருக்கிறது. கெட்டதெல்லாம் ஒரு பேட்டர்ன் இன்னொன்றோடு சேரும் இடங்களில்தான்.

வெட்டும் முன் பார்க்க வேண்டியது, தையலுக்காக ஓரத்தில் விடும் இடம் எதில் சேர்ந்திருக்கிறது, எதில் இல்லை என்பது. அமெரிக்க உறைகளில் பெரும்பாலும் 5/8 அங்குலம், ஏறக்குறைய 1.5 செ.மீ., சேர்ந்தே வரும். பூர்டா இதழில் இருக்காது. ஜப்பானியப் புத்தகங்கள் பலவற்றிலும் இருக்காது. இதைக் கவனிக்காமல் மேல்பாகத்தை அப்படியே வெட்டினால் என்ன ஆகும்? பக்கத் தையல் இரண்டு, முதுகுத் தையல் ஒன்று, ஆக 6 ஓரம். ஓரத்துக்கு 1.5 செ.மீ. வீதம் 9 செ.மீ. போய்விடும். மார்பில் விட்ட லூஸ் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும்.

அதனால் மூன்றையும் மாஜோங் பேப்பரில், தையல் கோட்டை மட்டும் நகல் எடுப்பது நல்லது. சிங்கப்பூர்ப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் அந்தப் பெரிய வெள்ளைத் தாள் இதற்கு வசதியானது. பொருத்திப் பார்ப்பதெல்லாம் தையல் கோட்டில் முடிந்த பிறகு, எல்லாத் துண்டுக்கும் ஒரே கணக்கில் இடம் சேர்க்கலாம்: பக்கங்களில் 1 அங்குலம், கழுத்தில் 1/4, மற்ற இடங்களில் 1/2. பக்கத்தில் 1 அங்குலம் விடுவது வீண் இல்லை. உடம்பு கொஞ்சம் பூசினால் பிரித்து விட அதுதான் கைகொடுக்கும்.

இடுப்பில், டாட் பிடித்தபின் மேல்பாகத்தின் கால்பங்கு 8 3/4 அங்குலம், ஸ்கர்ட்டின் கால்பங்கு 8 1/4. சுற்றிலும் 2 அங்குல வித்தியாசம். இதைப் பக்கத் தையலில் கூட்டினால் பக்கவாட்டில் துணி புடைத்து நிற்கும். ஸ்கர்ட் டாட்டில் பிடிக்கும் துணியை 1 அங்குலத்திலிருந்து 1/2 ஆகக் குறைத்தால் இடுப்பு சரியாகும், ஹிப் அளவும் மாறாது. கூடவே அந்த டாட்டை நகர்த்தி, மேல் டாட்டுக்கு நேர் கீழே கொண்டுவர வேண்டும். கால் அங்குலம் விலகினாலே கண்ணை உறுத்தும். முதல் முறை தைப்பவர்கள் சுருக்கு வைத்த ஸ்கர்ட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் இந்தத் தலைவலி கிடையாது.

கைதான் பெரிய வேலை. டேப்பை ஓரமாக நிமிர்த்திப் பிடித்துத் தையல் கோட்டில் அளந்தால், ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் குழி) 17 1/4, கையின் மேல் வளைவு 19 அங்குலம். 1 3/4 அங்குலம் கூடுதல். கம்பளித் துணியாக இருந்தால் நீராவி காட்டி அமுக்கிவிடலாம். பாப்ளின் 1 அங்குலத்துக்கு மேல் தாங்காது, தோளில் சுருக்கு விழுந்துவிடும். பலர் ஆர்ம்ஹோலைக் கீழே இறக்கி வெட்டிச் சரிக்கட்டுகிறார்கள். தைத்து முடித்ததும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எம்ஆர்டி ரயிலில் கைப்பிடியைப் பிடிக்கக் கை தூக்கியதும் முழுக் கவுனும் மேலே ஏறும், இடுப்புத் தையல் விலாவுக்கு வந்துவிடும். அக்குளுக்கு நெருக்கமாக இருக்கும் ஆர்ம்ஹோல்தான் கையை வீச விடும்.

இந்தக் கவுனில் செய்தது வேறு. அந்தக் கை எந்த மேல்பாகத்துக்காக வரையப்பட்டதோ, அதன் ஆர்ம்ஹோலையே தோள்முனையும் அக்குள் புள்ளியும் பொருந்தும்படி வைத்து, பூர்டா மேல்பாகத்தில் வரைந்துகொண்டது. கையும் குழியும் ஒரே இடத்திலிருந்து வந்தால் சண்டை இல்லை. இதைப் பழைய பெட்ஷீட்டில் மேல்பாகமும் ஒரு கையும் மட்டும் தைத்துப் பார்த்தாலே போதும்.

பத்தாவது மாதத்தில் அக்குள் வளைவில் 3 அங்குலத்துக்கு நூல் விட்டுப்போனது. நம் ஊர் வியர்வைக்கும் இழுவைக்கும் ஒற்றைத் தையல் பற்றாது. அடி வளைவில் முதல் தையலுக்கு 1/8 அங்குலம் வெளியே, விளிம்புப் பக்கமாக, இரண்டாவது ஓட்டம் போட்டபின் தொந்தரவு இல்லை.

இடுப்பு தைத்தபோது 35 அங்குலம். ஓராண்டில் 36 ஆகிவிட்டது. ஸ்கர்ட்டின் பாரம் எப்போதும் அந்தத் தையலில்தான் தொங்குகிறது. அதே துணியின் கரையை அரை அங்குல அகலத்தில், 35 அங்குல நீளத்துக்கு வெட்டி, உள்ளே இடுப்புத் தையலோடு சேர்த்துத் தைத்ததும் நின்றது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. பாக்கெட்டும் அப்படித்தான். பையின் மேல்முனையை நீட்டி இடுப்புத் தையலோடு பிடிக்காவிட்டால், போன் போட்டதும் பக்கத் தையல் வாய் பிளந்து நிற்கும்.

மூலப் பேட்டர்னில் ஜிப் ஸ்கர்ட்டின் பக்கவாட்டில் இருந்தது. அதை முதுகுக்கு மாற்றி, மடிப்பில் வெட்ட வேண்டிய பின்துண்டை இரண்டாக்கியது நல்ல முடிவு. முதுகு 15 அங்குலம், இடுப்புக்குக் கீழே 7, ஆக 22 அங்குல மறைவு ஜிப். கழுத்து உள்பட்டியை (கழுத்தோரத்தில் உள்ளே மடியும் துண்டை) மட்டும் எந்தப் பேட்டர்னிலிருந்தும் எடுக்க வேண்டாம்; மாற்றி முடித்த மேல்பாகத்தின் மேல் வைத்துப் புதிதாக வரைய வேண்டும்.

துணி, 58 அங்குல அகலத்தில் 2.5 மீட்டர் போதும். பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் துணிக் கடைகளிலும் அராப் ஸ்ட்ரீட்டிலும் அகலத்தைக் கேட்டுவிட்டு வெட்டச் சொல்லுங்கள். 44 அங்குலமானால் 3.25 மீட்டர் பிடிக்கும். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கம்பில் காயப்போடும்போது தோளைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. ஈரத்தில் ஸ்கர்ட் கனத்து மேல்பாகத்தைக் கீழே இழுக்கும். உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்புத் தையல் கம்பின் மேல் படியும்படி பாதியாக மடித்துப் போட்டால் நீளமும் நிறமும் காப்பாற்றப்படும்.