காதைச் சோதிக்காமலே என் பையனுக்கு ஏடிஹெச்டி என்று எழுதிக் கொடுத்தார்கள்

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் நாலஞ்சு வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, "ஸ்கூல்ல கம்ப்ளெயின்ட் வருது, எங்க காட்டறதுன்னு தெரியல" என்று தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏடிஹெச்டி என்றால் கவனம் நிற்காமல், ஓரிடத்தில் உட்கார முடியாமல் துறுதுறுவென்று இருக்கிற குறைபாடு. ஒரு தெரபி சென்டரில் எங்களுக்கு 7 மாதமும் 1,19,300 ரூபாயும் போயின. பணம்கூட இரண்டாம்பட்சம். பேச்சு வளர வேண்டிய வயசில் என் பிள்ளைக்கு 7 மாதம் வீணானதுதான் தாங்க முடியவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் அந்த சென்டரின் பெயரை எழுதவில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்ல முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் மாதம் தம்பியை எல்கேஜி சேர்த்தோம். வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அப்போது நாலு வயசு முடிந்து இரண்டு மாதம். சேர்த்த மூன்றாவது வாரமே மிஸ் கூப்பிட்டார்கள். உட்கார மாட்டேன் என்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, பக்கத்தில் இருக்கிற பிள்ளையைத் தள்ளிவிடுகிறான், கதை சொல்லும்போது எழுந்து ஓடிவிடுகிறான். பேச்சும் அவன் வயசுக்குக் குறைவுதான். இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்வான், அதுவும் எங்களுக்குத்தான் புரியும். "நல்ல தெரபி சென்டரா பாத்துக் காட்டுங்க" என்று மிஸ் ஒரு கார்டையும் கொடுத்தார்கள். அந்தப் பள்ளிக்கும் சென்டருக்கும் ஏதாவது ஏற்பாடு இருந்ததா என்று எனக்குத் தெரியாது, அதனால் அந்த மிஸ் மீது நான் பழி சொல்லமாட்டேன்.

போன அன்றே மதிப்பீடு நடந்தது. மொத்தம் 40 நிமிடம். ஒரு பெண் தம்பிக்குப் பிளாக் கொடுத்தார், பாசிமணி கொடுத்தார், எங்களிடம் ஒரு தாளில் டிக் அடிக்கச் சொன்னார். அதற்கு 4,500. பிறகு தலையில் ஒரு தொப்பி மாட்டி 'பிரெயின் மேப்பிங்' எடுத்தார்கள், அதற்கு 8,000. கம்ப்யூட்டரில் மூளைப் படம் சிவப்பும் மஞ்சளுமாக வந்தது. "பாருங்க மேடம், இந்த ரெட் ஏரியா எல்லாம் ஓவர் ஆக்டிவ். சிவியர் ஏடிஹெச்டி, கூடவே மைல்டு ஆட்டிசம்" என்றார் சென்டரை நடத்துகிறவர். கோட் போட்டிருந்தார், எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். 6 மாதப் பேக்கேஜ் 1,20,000, இன்றைக்கே கட்டினால் 96,000. "இப்ப விட்டீங்கன்னா அஞ்சு வயசுக்கு மேல மூளை செட் ஆயிரும், அப்புறம் எங்ககிட்ட வந்து அழாதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர், எதற்கும் அசைய மாட்டார். அன்றைக்கு அவர் கை நடுங்கியது. நாலு பவுன் செயினை அடகு வைத்துப் பாதியைக் கட்டினோம், மீதியை ஒரு மாதத்தில் கட்டினோம். பணம் போனது ஒரு தனி ஆளின் ஜிபே நம்பருக்கு. ரசீது கேட்டதற்கு ஒரு டிரஸ்ட் பெயரில் 'நன்கொடை' என்று போட்டுக் கொடுத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஏடிஹெச்டியை உறுதி செய்கிற ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. பிரெயின் மேப்பிங் என்கிற மூளை அலைப் படத்தை மட்டும் வைத்து யாரும் அதைச் சொல்லிவிட முடியாது. அந்தக் குறிகள் குறைந்தது 6 மாதமாக இருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், வேறு காரணத்தால் வரவில்லை என்று பார்த்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்து மூன்று வாரம் ஆன பிள்ளைக்கு, மிஸ்ஸிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், 40 நிமிடத்தில் 'சிவியர்' என்று எழுதுகிறவர் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அதே மூச்சில் பேக்கேஜ் விலையையும் சொல்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் அம்மா, தம்பிக்கு அம்முச்சி, ஆடிக்கு வந்திருந்தபோது சொன்னார்: "ஏங்கண்ணு, இவனுக்குக் காது மந்தமா இருக்குமோ? பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டீங்கறான். டிவிக்குக் கிட்டப்போய் நிக்கறான்." நான் அதை அப்படியே சென்டரில் போய்க் கேட்டேன். சிரித்தார்கள். "அது செலக்டிவ் ஹியரிங் மேடம், ஏடிஹெச்டி பிள்ளைங்க தனக்கு வேணுங்கறதை மட்டும்தான் கேப்பாங்க. சாக்லேட் கவரைப் பிரிச்சா ஓடி வர்றானில்ல?" ஆமாம், சில நாள் ஓடி வருவான். நான் நம்பினேன். அம்மாவிடம், "டாக்டர் சொல்றாங்கம்மா, நீ சும்மா இரு" என்று சொன்னேன். அந்த வார்த்தைக்காக அவரிடம் பின்னால் அழுதிருக்கிறேன்.

தெரபி என்பது வாரம் நாலு நாள், 45 நிமிடம். உள்ளே பெற்றோருக்கு அனுமதி இல்லை. "நீங்க இருந்தா அவன் கோ-ஆப்பரேட் பண்ண மாட்டான்." ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. சின்ன மர நாற்காலியில் இடுப்பில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிரே இருந்த பெண் மொபைல் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அழுது முடித்து, விசும்பல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு 'சிட்டிங் டாலரன்ஸ்' பயிற்சி என்றார்கள். அந்தப் பெண் ஆன்லைனில் ஆறு மாத டிப்ளமோ முடித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் 'நியூரோ டிராப்ஸ்' என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். மாதம் 1,800 ரூபாய். சென்டர் பெயர் போட்ட ஸ்டிக்கர் மட்டும்தான் அதில் இருந்தது. மருந்துச் சீட்டு கேட்டால், "இது டானிக் மேடம், சீட்டெல்லாம் வேண்டாம்" என்பார்கள். குடித்த ஒரு வாரத்தில் தம்பி அமைதியானான். எங்களுக்கு அது அதிசயமாக இருந்தது. பள்ளியிலும் பாராட்டினார்கள். ஆனால் அமைதி என்பது தூக்கமாக இருந்தது. காலை பத்து மணிக்கு வகுப்பில் தலை சாய்ப்பான். எந்நேரமும் பசி. ஜனவரிக்குள் மூன்று கிலோ கூடிவிட்டான். பேச்சில் ஒரு வார்த்தைகூட முன்னேற்றம் இல்லை.

ஜனவரியில் பேக்கேஜ் முடிந்ததும் 'ஸ்டெம் செல்' பற்றி, அதாவது வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்லை உடம்பில் ஏற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வேறு ஊரில் கேம்ப், மூன்றரை லட்சம், ஆட்டிசம் முழுசாகக் குணமாகும் என்றார்கள். எங்களிடம் பணம் இல்லாததால் தப்பித்தோம், அறிவால் தப்பிக்கவில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லியிருக்கிறது. நகை விற்றுப் போகலாமா என்று இரண்டு ராத்திரி நாங்கள் பேசினோம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி தம்பிக்குக் காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மறுநாள் தடுப்பூசி போடுகிற பழைய குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இவன் ராத்திரி குறட்டை விடுவானா? வாயைத் திறந்துட்டுத் தூங்குவானா?" என்று கேட்டார். ஆமாம், பிறந்ததிலிருந்து அப்பா மாதிரியே குறட்டை என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் அது. டிராப்ஸ் பாட்டிலையும் காட்டினேன். "மேல ஒட்டின ஸ்டிக்கரை எடுத்துப் பாத்தீங்களா?" என்றார். வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் நனைத்துப் பிரித்தேன். அடியில் கம்பெனி லேபிள் இருந்தது. ரிஸ்பெரிடோன்.

மனநோய்க்குக் கொடுக்கிற மருந்து அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டுப்படுத்த முடியாத கோபமும் தன்னையே அடித்துக்கொள்வதும் இருந்தால், நிபுணர்கள் எடையையும் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. அதைத்தான் டானிக் என்று சொல்லி நாலரை வயசுப் பிள்ளைக்குக் கொடுக்க வைத்திருக்கிறார்கள், கொடுத்தது என் கை. டாக்டர் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். யாராவது இதே நிலையில் இருந்தால் பயத்தில் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள்.

அடுத்து கோவை பெரியாஸ்பத்திரி, காது மூக்கு தொண்டைப் பிரிவு. காதில் ஒரு சின்னக் குழாயை வைத்துக் காற்றழுத்தம் பார்க்கிற சோதனை, டிம்பனோமெட்ரி என்கிறார்கள், ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேடு மாதிரி வர வேண்டிய கோடு இரண்டு காதிலும் தட்டையாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கோத்து நிற்கிறது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து காதுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கிறது. சத்தம் கேட்டால் கட்டையைக் கூடையில் போடு என்று விளையாட்டாகச் செய்த சோதனையில் இரண்டு காதுக்கும் 35 டெசிபல் வந்தது, அதாவது அதைவிட மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்காது. சோதனை செய்த மேடம் பொறுமையாக விளக்கினார்: "கிட்ட நின்னு பேசினா கேக்கும். நாப்பது பிள்ளைங்க சத்தம் போடற ரூம்ல மிஸ் பேசறது பாதி விழாது. சளி கூடுனா இன்னும் மந்தமாகும், குறைஞ்சா நல்லாக் கேக்கும். அதனாலதான் வேணும்னே பண்றான்னு உங்களுக்குத் தோணியிருக்கு." அடினாய்டால் ராத்திரி மூச்சு தடைப்பட்டு, தூக்கம் துண்டுதுண்டாகிறது. பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் சோர்வு வரும். பிள்ளைகள் பல நேரம் அதற்கு நேர்மாறாக ஆடுவார்கள், ஓடுவார்கள், அடிப்பார்கள்.

இந்தக் காது நீர் சின்னப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது, பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் என்பதால் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். வடியவில்லை. மே மாதம் அடினாய்டை எடுத்து, செவிப்பறையில் குரோமெட் என்கிற சின்னக் குழாய் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அம்மா, மிஷின நிப்பாட்டச் சொல்லு" என்றான். பக்கத்து வீட்டில் பவர் டேபிள், பனியன் தைக்கிற மிஷின், ஓடுகிறது. அவன் பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூலையில், பெரியாஸ்பத்திரியிலேயே இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில், டிஇஐசி என்பார்கள், முறையாக மதிப்பீடு செய்தார்கள். மூன்று தடவை போனோம். மிஸ்ஸுக்குத் தனியாக ஒரு கேள்வித்தாள், எங்களுக்குத் தனியாக ஒன்று. ஆட்டிசம் இல்லை என்றார்கள். ஏடிஹெச்டியை இப்போது சொல்ல முடியாது, 6 வயசில் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். பேச்சுத் தாமதம் நிச்சயம் இருக்கிறது, அதற்குப் பயிற்சி நடக்கிறது. பிள்ளையிடம் எப்படிச் சொல்ல வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஏடிஹெச்டியே இருந்தாலும் 6 வயசுக்குள் முதல் சிகிச்சை பெற்றோருக்கான இந்தப் பயிற்சிதான், மருந்து அதற்கப்புறம்தான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. இந்த மையங்கள், பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்க மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் வருபவை, 18 வயது வரை இலவசம். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

தம்பி இப்போதும் சுட்டிதான். கோபம் வந்தால் இன்னும் தள்ளிவிடுகிறான். எல்லாம் காதால்தான் என்று நான் சொல்லவில்லை. என் நாத்தனார் மகளுக்கு 8 வயசு, அவளுக்கு ஏடிஹெச்டி உண்மையாகவே இருக்கிறது. மனநல மருத்துவர் கொடுக்கும் மாத்திரையில் அவள் இன்று வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறாள். இந்தப் பதிவைக் காட்டி யாரும் ஒரு பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைக்கு இந்தக் குறைபாடு என்று பெயர் சூட்டும் முன்னால் காதைச் சோதித்தார்களா, கண்ணைப் பார்த்தார்களா, தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்களா, பள்ளியில் விசாரித்தார்களா என்றுதான் கேட்கச் சொல்கிறேன்.

சென்டரில் யார் என்ன படித்தவர் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும், 1992-ம் வருடச் சட்டம் அது. பதிவு எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். நான் பார்த்தபோது எங்கள் 'டாக்டர்' பெயர் எதிலும் இல்லை. உள்ளே உட்கார விடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

பணம் கட்டியவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, ரிப்போர்ட் எதையும் அழிக்க வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. நான் ஆகஸ்டில் கொடுத்தேன். மருந்து ஆய்வாளருக்கும், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். ஆணையத்தில் இரண்டு வாய்தா ஆகியிருக்கிறது. 'நன்கொடை' ரசீதைக் காட்டி, நாங்கள் சேவைக்குப் பணமே வாங்கவில்லை என்கிறார்கள். பேக்கேஜ் விலையைச் சொல்லி அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. பாதி உரிந்த ஸ்டிக்கரோடு அந்த டிராப்ஸ் பாட்டிலை ஒரு கவரில் போட்டு பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு எடுத்துப்போக வேண்டும்.